ஹெட்லைட்டுக்குள் ஈரம்: கண்டுபிடித்து, உலர்த்தி, அடைக்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் ஆழ்வார்திருநகரி, ஸ்ரீவைகுண்டம், தென்திருப்பேரை பக்கம் காலையில் கார் எடுக்கிறவர்கள் இதைப் பார்க்காமல் இருக்க முடியாது. ஹெட்லைட் கண்ணாடியின் உள்பக்கம் வெள்ளையாகப் பனி பிடித்திருக்கும். சில வண்டிகளில் வெயில் ஏறியதும் மறைந்துவிடும். சிலவற்றில் மறையாமல் சொட்டுச் சொட்டாக இறங்கி அடியில் தேங்கி நிற்கும். ஒரு பக்கம் தாமிரபரணி, வாய்க்கால், குளம், வாழைத்தோட்டம். இன்னொரு பக்கம் காயல்பட்டினம், புன்னைக்காயல் வழியாக ஏறிவரும் கடல்காற்று. மழைக்காலம் முடியும்வரை இங்கே காற்று உலர்வதே இல்லை.

அழகு கெடுகிறது என்பதற்காக மட்டும் இதைச் சரிசெய்யச் சொல்லவில்லை. ஈரம் படிந்த கண்ணாடி வழியே வரும் ஒளி நேராகப் போகாமல் நாலா பக்கமும் சிதறும். ஓட்டுபவருக்குச் சாலை மங்கும், எதிரே வருபவருக்குக் கண் கூசும். திருநெல்வேலி–திருச்செந்தூர் சாலையில் மார்கழியிலும் தையிலும் பச்சை வேட்டி கட்டிய பாதயாத்திரை பக்தர்கள் விடிய விடிய ஓரமாக நடந்துபோகிறார்கள். அந்த இருட்டில் அவர்கள் நம்பியிருப்பது நம் வண்டியின் விளக்கைத்தான். எனவே இந்த வேலையைத் தள்ளிப்போடாதீர்கள்.

பெரும்பாலான வண்டிகளில் இதை வீட்டு வாசலிலேயே முடித்துவிடலாம். ஆனால் ஒன்றை முதலில் மனதில் வையுங்கள். தண்ணீர் எந்த வழியாக வந்தது என்று தெரியாமல் உலர்த்துவது வீண். ஹேர் ட்ரையரால் அரைமணி நேரம் ஊதிக் காயவைத்த விளக்கு அடுத்த மழையிலேயே பழையபடி நிற்கும்.

உள்ளே என்ன நடக்கிறது

ஹெட்லைட் காற்றுப் புகாத டப்பா என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலான கார்களில் அது அப்படி இல்லை. பல்ப் எரியும்போது உள்ளே இருக்கும் காற்று சூடாகி விரியும், அணைத்ததும் சுருங்கும். வழி விடாமல் மூடிவைத்தால் இந்த அழுத்தம் மாறி மாறி ஒட்டுகளைப் பிய்த்துவிடும். அதனால் கூட்டின் பின்பக்கம் சிறு மூச்சுத் துளைகள் வைத்திருப்பார்கள். சில வண்டிகளில் அது வளைந்த ரப்பர் குழாய். சிலவற்றில் ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சின்னதாக ஒரு வெள்ளை அல்லது கறுப்பு ஒட்டு. அந்த ஒட்டு காற்றையும் ஆவியையும் விடும், தண்ணீர்ச் சொட்டை விடாது.

அந்த வழியாக நம் ஊரின் ஈரக்காற்றும் உள்ளே போகிறது. மழை பெய்து கண்ணாடி குளிர்ந்ததும், மோர் ஊற்றிய சொம்பு வேர்ப்பதைப் போல, அந்த ஆவி கண்ணாடியில் படிகிறது. இவ்வளவுதான் விஷயம்.

இதில் ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. அதைப் புரிந்துகொண்டால் பாதி நோய் தெரிந்துவிடும். 30 டிகிரி வெப்பத்தில் 80 சதவீத ஈரப்பதம் உள்ள காற்று, ஒரு கன மீட்டருக்கு ஏறக்குறைய 24 கிராம் தண்ணீரை ஆவியாக வைத்திருக்கும். ஒரு ஹெட்லைட்டின் உள்ளளவு 10 லிட்டர் என்று பெரிதாகவே வைத்துக்கொள்வோம். அப்படியானால் அதற்குள் இருக்கும் மொத்த நீராவி கால் கிராம்கூடத் தேறாது. அத்தனையும் தண்ணீராக மாறினாலும் நாலைந்து சொட்டு. ஆகவே உங்கள் விளக்கின் அடியில் ஒரு ஸ்பூன் தண்ணீர் நிற்கிறது என்றால் அது காற்றிலிருந்து வந்ததாக இருக்க முடியாது. எங்கோ ஒரு வழி திறந்திருக்கிறது.

முதல் படி: மூட்டமா, தண்ணீரா?

காலையில் வண்டி எடுக்கும் முன் பாருங்கள். கண்ணாடியில் மெல்லிய வெள்ளை மூட்டம் மட்டும் இருந்து, சொட்டு எதுவும் இல்லையென்றால், டிம் லைட்டைப் போட்டு அரைமணி நேரம் ஓட்டிப் பாருங்கள். சாதாரண ஹாலஜன் பல்பாக இருந்தால் அதன் சூட்டிலேயே நடுவிலிருந்து ஓரம்வரை தெளிந்துகொண்டே வரும். தெளிந்துவிட்டால் அதைத் தொடாதீர்கள். அது கோளாறு இல்லை.

இரண்டு விளக்கிலும் ஒரே அளவு மூட்டம் இருந்தால் பருவநிலைதான் காரணம் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். ஒன்றில் மட்டும் இருந்தால் அந்த விளக்கில் ஏதோ ஆகியிருக்கிறது. சொட்டு ஓடிய தடம், அடியில் தேங்கிய நீர், வெள்ளியாய்ப் பளபளக்கும் உள்கிண்ணத்தில் சாம்பல் திட்டு, இரண்டு நாள் ஓட்டியும் போகாத மூட்டம் ஆகிய நான்கில் ஒன்று இருந்தாலும் அடுத்த படிக்குப் போகவேண்டும்.

வண்டி வாரண்டியில் இருந்தால் இங்கேயே நிறுத்துங்கள். ஈரம் தெரியும்போதே தேதி தெரியும்படி போட்டோ எடுத்து ஷோரூமில் காட்டுங்கள். மெல்லிய மூட்டம் இயல்பு என்று திருப்பி அனுப்புவார்கள், அது சரிதான். தண்ணீர் நின்றால் அப்படிச் சொல்லி அனுப்ப முடியாது. நீங்களே கழற்றிவிட்டுப் போனால் பேச வழியில்லாமல் போகும்.

இரண்டாம் படி: பின்மூடி

பானட்டைத் திறந்து விளக்கின் பின்பக்கம் பாருங்கள். வட்டமான பிளாஸ்டிக் மூடியோ, பல்புக்கு வயர் வந்து சேரும் கப்ளரைச் சுற்றி இறுக்கிப் பிடிக்கும் ரப்பர் மூடியோ இருக்கும். ஹெட்லைட்டுக்குள் தண்ணீர் போனால் முதல் சந்தேகம் எப்போதும் இதன்மேல்தான் விழவேண்டும், ஏனென்றால் பல்ப் மாற்றும் ஒவ்வொரு தடவையும் கை படுகிற இடம் இது. ரப்பரில் மேல்பக்கம் எது என்று குறி இருக்கும். அதைத் தலைகீழாக மாட்டினால் வடிகால் உதடு மேலே வந்துவிடும், தண்ணீர் வெளியே வழிவதற்குப் பதில் உள்ளே வழியும். மூடி முழுதாகச் சுற்றிப் பூட்டவில்லை, வயர் ஒன்று இடுக்கில் மாட்டி மூடி தூக்கிக்கொண்டிருக்கிறது, ரப்பர் வெயிலில் காய்ந்து வெடித்திருக்கிறது என்று இங்கே காணக்கூடியவை எல்லாம் சின்னச் சின்னக் குறைகள். ஆனால் ஈரம் வரும் காரணம் பெரும்பாலும் இவற்றில்தான் முடிகிறது.

இன்னொரு காரணத்தைக் கொஞ்சம் அழுத்திச் சொல்லவேண்டும். கம்பெனி கொடுத்த 60/55 வாட் பல்பைக் கழற்றிவிட்டு, பிரைட் வேண்டும் என்று 100/90 வாட் பல்போ, பின்னால் ஃபேன் வைத்த எல்இடி கிட்டோ போடுகிறார்கள். அந்த ஃபேன் உள்ளே அடங்காததால் ரப்பர் மூடியைக் கத்தியால் வெட்டுகிறார்கள், அல்லது மூடியே போடாமல் விடுகிறார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு மழையும் ஒவ்வொரு வாட்டர் சர்வீஸும் நேரே உள்ளே போகும். கூடுதல் வாட் பல்ப் ஹோல்டரையே உருக்கும். இப்படி மாற்றிய வண்டி என்றால் பழைய பல்பையும் முழு மூடியையும் திரும்பப் போடுவதுதான் மருந்து. ரப்பர் மூடி அதிக விலை இல்லை, வண்டியின் மாடல் சொன்னால் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கிடைக்கும்.

மூன்றாம் படி: மூச்சுத் துளை

பின்மூடி நன்றாக இருந்தால் அடுத்து மூச்சுத் துளை. இந்த வட்டாரத்தில் அது அடைபட வழிகள் நிறைய. ஆடிக் காற்றில் குதிரைமொழித் தேரிப் பக்கம் செம்மண் பறந்து எல்லா இடுக்கிலும் படியும். வாழைத்தார் ஏற்றப்போகும் வண்டி வயல்வரப்பில் இறங்கினால் களிமண் அப்பும். குளவிகூட ரப்பர் குழாய்க்குள் மண்கூடு கட்டிவிடும்.

அடைபட்டால் ஈரம் உள்ளே வராமல் நின்றுவிடும் என்று தோன்றும். நடப்பது வேறு. சூட்டில் விரிந்த காற்று வேறு வழி தேடி, கண்ணாடியும் கூடும் சேரும் ஒட்டின் பலவீனமான இடத்தைப் பிளந்து வெளியேறும். குளிரும்போது அதே பிளவு வழியாகக் காற்றோடு தண்ணீரையும் உறிஞ்சும். ஒருமுறை உள்ளே போன ஈரம் வெளியே வரவும் வழியிருக்காது.

ரப்பர் குழாயைக் கழற்றி வெந்நீரில் அலசி, முழுதாகக் காயவைத்து மாட்டுங்கள். ஒட்டுப்போன்ற வடிகட்டியாக இருந்தால் ஊசியால் குத்தாதீர்கள், ஏர் அடிக்காதீர்கள். மெல்லிய பிரஷால் தூசியைத் தட்டினால் போதும். கிழிந்திருந்தால் புதிது ஒட்டவேண்டும். துளைக்குமேல் சிலிகான் பூசி ‘தண்ணி வர்ற வழியை அடைச்சுட்டேன்’ என்று சொல்கிறவர்களும் உண்டு. அந்த விளக்கு சீக்கிரமே மீன்தொட்டி ஆகிவிடும்.

நான்காம் படி: கழற்றுவது

மேலே சொன்ன இரண்டிலும் குறை அகப்படவில்லையா, அல்லது உள்ளே தண்ணீர் தேங்கி நிற்கிறதா? அப்போது விளக்கைக் கழற்றத்தான் வேண்டும்.

கழற்றும் முன் ஒரு வேலை. சமதரையில், சுவரிலிருந்து ஏழெட்டு அடி தள்ளி வண்டியை நிறுத்தி, டிம் லைட் போட்டு, சுவரில் ஒளியின் மேல்விளிம்பு விழும் கோட்டைச் சாக்பீஸால் வரையுங்கள். முன்சக்கரம் நிற்கும் இடத்தையும் தரையில் குறியுங்கள். கடைசியில் இது தேவைப்படும்.

லைட்டை அணைத்துப் பத்துப் பதினைந்து நிமிடம் ஆறவிட்டு, பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். பிறகு கப்ளரின் பூட்டை அழுத்தியபடி இழுங்கள், வயரைப் பிடித்து இழுக்கவேண்டாம். பல வண்டிகளில் மேலே இரண்டு போல்ட்டும் பக்கத்தில் ஒன்றும் இருக்கும். சிலவற்றில் பம்பரின் மேல்பகுதியைத் தளர்த்தாமல் விளக்கு வெளியே வராது. பிளாஸ்டிக் காதுகள் உடைந்தால் விளக்கு ஆடத்தொடங்கும், ஆகவே வரவில்லையென்றால் பலம் காட்டாமல் இன்னொரு போல்ட் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடுங்கள். ஹாலஜன் பல்பைக் கழற்றும்போது அதன் கண்ணாடியை வெறுங்கையால் தொடாதீர்கள். விரலின் எண்ணெய்ப் பசை பட்ட இடம் எரியும்போது அதிகம் சூடேறி பல்ப் சீக்கிரம் போய்விடும். தொட்டுவிட்டால் ஸ்பிரிட் நனைத்த துணியால் துடையுங்கள்.

வெண்ணீல ஒளி தரும் செனான் விளக்கு உள்ள வண்டி என்றால் நீங்கள் கைவைக்க வேண்டாம். அது பற்றும் நேரத்தில் ஆயிரக்கணக்கான வோல்ட் அழுத்தம் பாயும். தெரிந்த எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள்.

ஐந்தாம் படி: ஓட்டையைக் கண்டுபிடிப்பது

பல பட்டறைகளிலும் இந்தப் படியைத் தாண்டிவிடுகிறார்கள். எனக்கு இதுதான் முழு வேலையின் உயிர்நாடி.

உள்ளே நிற்கும் தண்ணீரைப் பல்ப் துளை வழியாகக் கவிழ்த்து வடியுங்கள். வெளிப்பக்கத்தைத் துடைத்துக் காயவையுங்கள். பல்ப் துளைகளையும் மூச்சுத் துளைகளையும், ஒன்றைத் தவிர, டேப் போட்டு மூடுங்கள். மிச்சமுள்ள ஒரு துளையில் மெல்லிய டியூபைச் செருகிச் சுற்றி டேப் ஒட்டுங்கள். ஒரு கிண்ணத்தில் ஷாம்பு கலந்த தண்ணீர் எடுத்து, கண்ணாடியும் பின்கூடும் சேரும் விளிம்பு முழுக்கப் பிரஷால் தடவுங்கள். இப்போது டியூபில் வாய்வைத்து மெதுவாக ஊதுங்கள். பஞ்சர் கடையில் டியூபைத் தண்ணீரில் அமுக்கிப் பார்க்கும் அதே முறைதான். ஓட்டை இருக்கும் இடத்தில் குமிழி எழும்பும். கம்ப்ரசர் காற்று மட்டும் வேண்டாம், நல்ல ஒட்டையும் அது பிளந்துவிடும்.

விளிம்பின் மேல்மூலைகளை இரண்டாவது முறையும் தடவிப் பாருங்கள். பானட் இடுக்கில் ஓடும் மழைநீர் அங்கேதான் முதலில் நிற்கும். கண்ணாடியில் கல்பட்ட முடியளவு விரிசல், உடைந்த காதின் அடிப்பகுதி, பழைய மோதலில் பின்கூட்டில் விழுந்த கீறல் ஆகியவற்றையும் விடாதீர்கள். கண்டுபிடித்த இடத்தை மார்க்கரால் வட்டம் போட்டு வையுங்கள்.

ஆறாம் படி: உலர்த்துவது

டேப்பெல்லாம் எடுத்துவிட்டு, பல்ப் துளை கீழ்நோக்கும்படி சாய்த்து, வெயிலில் ஒரு துணிமேல் வையுங்கள். வெயில் இருந்தால் ஒருநாள் போதும். துளைக்கு மெல்லிய வலைத்துணி கட்டினால் தூசியும் பூச்சியும் போகாது. கண்ணாடியை வானம் பார்க்கவைத்து உச்சிவெயிலில் விடாதீர்கள், ஒளி குவியும் இடத்தில் உள்பிளாஸ்டிக் உருகலாம்.

மழைநாளில் ஹேர் ட்ரையரைக் குறைந்த சூட்டில், ஒரு சாண் தள்ளிப் பிடித்து, ஒரு துளை வழியாக ஊதி இன்னொரு துளை வழியாக ஆவி வெளியேற விடுங்கள். பெயின்ட் உரிக்கும் ஹீட் கன் இதற்கு ஆகாது. உள்கிண்ணத்தைத் துணிகட்டிய குச்சியால் துடைக்கும் எண்ணம் வரும், வேண்டவே வேண்டாம். அந்த வெள்ளிப் பளபளப்பு ஆவியாக்கிப் படியவைத்த மிக மெல்லிய அலுமினியப் பூச்சு. துடைத்தால் கீறல் விழும், அந்தக் கீறல் போகாது.

கடைசி ஈரத்தை எடுக்க சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் நல்லவை. ஓர் இரவு உள்ளே தொங்கவிட்டு, காலையில் மறக்காமல் எடுத்துவிடுங்கள். நிரந்தரமாக உள்ளே விட்டால் ஈரம் குடித்துக் குடித்து நிறைந்து பயனற்றுப்போகும், பல்ப் சூட்டில் உறை கருகவும் கூடும்.

உப்பளம் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். கல்லுப்பைத் துணியில் முடிந்து உள்ளே வைத்தால் ஈரத்தை இழுக்குமே என்று யாராவது யோசனை சொல்வார்கள். இழுக்கும், ஆனால் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டியதும் உப்பே கரைந்து தண்ணீராக வழியும். தூத்துக்குடிக் கரையில் மழைக்காலத்தில் அந்த அளவைத் தாண்டாத நாளில்லை. அலுமினியப் பூச்சின்மேல் உப்புநீர் சொட்டினால் விளக்கு முடிந்தது.

ஏழாம் படி: அடைப்பது

ஓட்டை விளிம்பில் இருந்தால் அந்த இடத்தைச் சுற்றி இரண்டு அங்குலம்வரை ஸ்பிரிட்டால் துடைத்து, முழுதாகக் காய்ந்தபின் சிலிகான் பூசுங்கள். கடையில் வாங்கும்போது ‘நியூட்ரல் க்யூர்’ என்று கேட்டு வாங்குங்கள். மலிவாகக் கிடைக்கும் சிலிகான்களில் பல காயும்போது வினிகர் வாடை அடிக்கும். அந்த அமிலம் உள்ளே இருக்கும் அலுமினியப் பூச்சையும் செம்பு முனைகளையும் அரிக்கும். மெல்லிய கோடாக இழுத்து, விரலால் அமுக்கிவிட்டு, 24 மணி நேரம் நனையாமல் வையுங்கள். பிறகு ஷாம்பு தண்ணீர் சோதனையை இன்னொரு தடவை செய்யுங்கள். கண்ணாடியில் சின்ன விரிசல் என்றால் தெளிவான எபாக்சி கொஞ்சகாலம் தாங்கும். அது அடுத்த விளக்கு வாங்கும்வரைக்குமான ஏற்பாடு.

விளக்கைச் சூடாக்கி, பழைய பியூட்டைல் பசையை இளக்கி, கண்ணாடியைத் தனியே பிரித்து, புதுப் பசை போட்டு மூடுவது முழுமையான முறை. ஆனால் புதிதாகப் பழகுகிறவர்கள் அதில் இறங்கவேண்டாம். சில கம்பெனிகள் பிரிக்கவே முடியாத பசை போடுகின்றன, நெம்பினால் கண்ணாடிதான் விரிசல் விடும். இதற்கென்றே இருக்கும் கைதேர்ந்தவர்களிடம் கொடுங்கள்.

அடியில் ட்ரில் போட்டு ஓர் ஓட்டை விட்டால் தண்ணீர் தானே வடியும் என்று சொல்வார்கள். வடியும். அதே வழியாகச் சக்கரம் வாரியிறைக்கும் சேறும், தேரி மண்ணும், உப்புக்காற்றும் ஏறும். ஒரு வருடத்தில் கிண்ணம் கறுத்துவிடும். ஒப்புக்கொள்ளாதீர்கள்.

வெள்ளத்தில் நின்ற வண்டி

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. மழை கொட்டியது. தாமிரபரணி கரை தாண்டி ஆழ்வார்திருநகரி, ஏரல், ஸ்ரீவைகுண்டம் வட்டாரமே தண்ணீரில் நின்றது. அப்படி மூழ்கிய விளக்குக்கு மேலே சொன்னது மட்டும் போதாது. அதற்குள் போனது மழைநீர் இல்லை, வண்டல் கலந்த ஆற்றுநீர்.

முதலில், வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள், லைட் எரிகிறதா என்றும் போட்டுப் பார்க்காதீர்கள். தண்ணீர் எந்த மட்டம்வரை ஏறியது என்று தெரியும்படி படம் எடுத்து இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லுங்கள். மூன்றாம் நபர் பாலிசி இதற்கு உதவாது, முழுப் பாலிசி இருக்கவேண்டும். அதிலும் பிளாஸ்டிக் பாகங்களுக்குப் பாதி விலையைத் தேய்மானமாகக் கழிப்பது வழக்கம், ஹெட்லைட் அந்தக் கணக்கில்தான் வரும். தேய்மானம் கழிக்காத ஜீரோ டெப் பாலிசி என்றால் அந்தக் கவலை இல்லை.

இன்சூரன்ஸ் சர்வேயர் பார்த்தபின் கழற்றி, உள்ளே நல்ல தண்ணீர் ஊற்றிக் குலுக்கி வண்டலை வெளியேற்றுங்கள். சேறு காய்ந்து ஒட்டும்முன் செய்தால்தான் பலன். கடைசி அலசலுக்கு பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் எடுத்தால் கறை விழாது. பிறகு கப்ளரைத் திறந்து பாருங்கள். செம்பு முனையில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தால் கான்டாக்ட் கிளீனர் அடித்து, சின்ன பிரஷால் தேய்த்து, காய்ந்தபின் மின்முனைகளுக்கான கிரீஸ் தடவுங்கள். வயரின் உறைக்குள்ளேயே பச்சை ஓடியிருந்தால் அந்தத் துண்டை வெட்டி மாற்றவேண்டும். களிம்பு ஏறிய இணைப்பு சூடாகி ஹோல்டரை உருக்கும்.

எல்இடி விளக்கு என்றால்

புது வண்டிகளில் வரும் எல்இடி ஹெட்லைட் தன் சூட்டைப் பின்பக்க உலோகத்துக்கு அனுப்பிவிடுகிறது. முன்கண்ணாடி குளிர்ந்தே இருக்கும். அதனால் சாதாரண மூட்டம்கூட மறைய ஹாலஜனைவிட நெடுநேரம் ஆகும், ஓரிரு நாள் பொறுத்துப் பாருங்கள். பலவற்றில் பல்ப் துளையே கிடையாது, உள்ளே மின்பலகை இருக்கிறது. பின்மூடியையும் மூச்சுத் துளையையும் பார்ப்பதோடு நிறுத்திக்கொண்டு, தண்ணீர் தேங்கினால் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோங்கள்.

கடைசிப் படி: மாட்டி, ஒளியைச் சரிபார்ப்பது

கழற்றிய வரிசைக்கு எதிர்வரிசையில் மாட்டுங்கள். பல்பின் மூன்று காதுகளும் அதனதன் பள்ளத்தில் உட்கார்ந்தபின்தான் கம்பிக் கிளிப்பைப் போடவேண்டும். ரப்பர் மூடியின் உதட்டைச் சுற்றிலும் விரலால் அமுக்கிப் பாருங்கள், எங்கும் தூக்கிக்கொண்டிருக்கக் கூடாது. மூச்சுத் துளையில் சோதனைக்கு ஒட்டிய டேப் மிச்சமிருக்கிறதா என்றும் பாருங்கள். வாட்டர் சர்வீஸுக்கு விடும்போது விளக்கின் விளிம்பிலும் பானட்டுக்குள்ளும் பிரஷர் கன்னை நேராகப் பிடிக்கவேண்டாம் என்று பையனிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். ‘சரி அண்ணாச்சி’ என்று கேட்டுக்கொள்வான்.

இருட்டியபின், தரையில் குறித்த அதே இடத்தில் வண்டியை நிறுத்தி டிம் லைட் போடுங்கள். ஒளியின் மேல்விளிம்பு சுவரில் வரைந்த சாக்பீஸ் கோட்டில் விழவேண்டும். மேலே ஏறியிருந்தால் எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும், கீழே இறங்கியிருந்தால் உங்களுக்குச் சாலை போதாது. விளக்கின் பின்னால் உயரத்துக்கு ஒன்றும் பக்கவாட்டுக்கு ஒன்றுமாகத் திருகுகள் இருக்கும். உயரத் திருகைக் கால் சுற்றுக் கால் சுற்றாகத் திருப்பி, கோட்டுக்குக் கொண்டுவந்து நிறுத்துங்கள்.